காப்பர் டி-யை எடுத்துவிட்டு அடுத்து என்ன?

"நர்சம்மா, எனக்கு 27 வயசு. பாம்பன் பக்கம் ஊரு. மூத்தவனுக்கு அஞ்சு வயசு, சின்னவளுக்குப் பதினாலு மாசம். சின்னவ பிறந்த மறுநாளே ஆஸ்பத்திரியில காப்பர் டி போட்டுட்டாக. வலியில கெடக்கும்போது ஏதோ பேப்பர்ல கையெழுத்து வாங்குனாக. வீட்டுக்கு வந்து அட்டையப் பார்த்த பிறகுதான் வெவரமே தெரிஞ்சுது. அதுல இருந்து தூரம் வந்தா எட்டு நாள், ஒம்பது நாள், கட்டி கட்டியாப் போகுது. நான் கடல்ல பாசி எடுக்கப் போறவ. மாசத்துல பன்னெண்டு நாள்தான் அந்த வேலை. அதுல பாதி நாள் இதுலயே போயிருது. எடுத்து விடுங்கன்னு கேட்டா, 'அப்ப ஆபரேஷன் பண்ணிக்க'ங்குறாக. மாமியாரும் அதையேதான் சொல்றாக. நாத்தனா மூணு மாச ஊசி போட்டா. ஏழு மாசமா தூரமே இல்ல. கெட்ட ரத்தம் வயித்துல கட்டிரும்னு ஊரே பேசுது. வீட்டுக்காரரு விசைப்படகுல போறவரு. 'எனக்குப் பண்ணுனா வலை இழுக்க முடியாது'ங்குறாரு. மூணாவது இப்ப வேணாம். ஆனா இனிமே வேணவே வேணாம்னு சொல்ல மனசு துணியல. நான் என்ன செய்யட்டும்?"

மகளே,

எடுத்துவிடலாம். கரு தங்காமல் இருக்க உன் கர்ப்பப்பைக்குள் வைத்ததை எடுக்கச் சொல்ல யாருடைய அனுமதியும் உனக்கு வேண்டாம். வீட்டுக்காரர் கையெழுத்தும் தேவையில்லை. எடுத்தால் ஆபரேஷன் செய்துகொண்டே ஆகவேண்டும் என்று ஒரு விதியும் கிடையாது. வலியில் துடிக்கிறவளிடம் பேப்பரை நீட்டி வாங்கிய கையெழுத்தை நான் சம்மதம் என்று ஏற்கமாட்டேன். கர்ப்பமாக இருக்கும்போதே, ஏழாம் எட்டாம் மாதப் பரிசோதனையில், உன்னை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் செய்யாதது அவர்கள் தவறு. உன்மேல் ஒரு பிழையும் இல்லை.

ஆனால் ஒன்று. எடுக்கப் போவதற்கு முன்பே அடுத்து என்ன என்று முடிவு செய்துகொண்டு போ. மண்டபம், வேதாளை, பாம்பன், தங்கச்சிமடம் என்று முப்பது வருடத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக நடந்திருக்கிறேன். நான் பார்த்த வேண்டாத கர்ப்பங்களில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு முறையில் இருக்கும்போது வந்தவை அல்ல. ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டு, இன்னொன்றைத் தொடங்குவதற்குள் போகிறதே இரண்டு மாதம், அதில் வந்தவை.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கம். அப்போது எங்களுக்கு இலக்கு வைப்பார்கள். இந்த வருடத்துக்கு இத்தனை ஆபரேஷன், இத்தனை காப்பர் டி என்று. மாதக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கணக்குக் கேட்பார்கள். அந்தக் காலத்தில் உன்னைப் போலவே பாசி எடுக்கிற பெண் ஒருத்தி மூன்று தடவை என்னிடம் வந்தாள். "அக்கா, இந்த லூப்ப எடுத்துருங்க, நிக்காமப் போகுது" என்றாள். மூன்று தடவையும், "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, சரியாயிரும்" என்று திருப்பி அனுப்பினேன். எடுத்தால் என் கணக்கில் ஒன்று குறையும். நாலாவது தடவை வந்தபோது, பாசி பறிக்கையில் பாறை கிழிக்காமல் இருக்க விரலில் சுற்றுவார்களே, அந்தத் துணியை என் மேசைமேல் வைத்துப் பிரித்தாள். உள்ளே காப்பர் டி இருந்தது. தானே நூலைப் பிடித்து இழுத்து எடுத்திருக்கிறாள். மூன்று மாதத்தில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. அவள் வயிற்றில் வந்த வேதனைக்கு நானும் காரணம். 1996-ல் அந்த இலக்கு முறையை நாடு முழுக்க எடுத்துவிட்டார்கள். எனக்கு அந்தத் துணி இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் சொல்கிறேன். நீ தயவுசெய்து நூலில் கைவைக்காதே. ஆனால் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்பதை நிறுத்தவும் செய்யாதே.

இனி உன் உதிரப்போக்குக்கு வருகிறேன். காப்பர் டி போட்டு மூன்று முதல் ஆறு மாதம் வரை தூரம் கூடுதலாகப் போவது வழக்கம். அதற்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு அடங்கும். பதினாலு மாதமாகியும் எட்டு ஒன்பது நாள் கட்டியாகப் போகிறது என்றால் பழகிப்போன விஷயம் என்று விடக்கூடாது. பிரசவம் ஆனவுடன் போட்ட காப்பர் டி சிலருக்கு இடம் நழுவிக் கீழே இறங்கியிருக்கும். புண்ணோ சீழோ இருக்கலாம். கர்ப்பப்பையில் கட்டியும் இருக்கலாம். லேடி டாக்டர் ஒருவர் பார்த்துவிடட்டும். தேவைப்பட்டால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார். இதை முதலில் முடிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உதிரம் ஏன் போகிறது என்று தெரியாமல் ஊசி போடக்கூடாது.

கூடவே ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. கரையில் வேலை செய்கிறவளுக்கே அது களைப்பு. நீயோ சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து மூழ்குகிறவள். ரத்தம் குறைந்த உடம்போடு மூழ்கினால் அடியில் இருக்கும்போதே கண் இருட்டும். உனக்கு இது உயிர்ப் பிரச்சினை. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் டீயோடு விழுங்காதே, சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடு.

காப்பர் டி-யைப் பற்றி உன் கரையில் பேசுகிற பேச்சுகளும் எனக்குத் தெரியும். நெஞ்சுக்கு ஏறிவிடும், உப்புத் தண்ணீர் உள்ளே போய்த் துருப்பிடிக்கும் என்பார்கள். இரண்டும் நடக்காது. கடல் தண்ணீர் கர்ப்பப்பைக்குள் ஏறாது, எத்தனை மணி நேரம் மூழ்கினாலும் சரி. ஒத்துக்கொண்டவர்களுக்கு அது அருமையான முறை. 380ஏ என்கிற வகை பத்து வருடம் வேலை செய்யும். எடுத்த மாதமே கரு தங்கலாம். பல பெண்கள் அதைப் போட்டதையே மறந்து நிம்மதியாக இருக்கிறார்கள். உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஒருத்திக்கு ஒத்துக்கொண்டது இன்னொருத்திக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது குறையும் இல்லை, அடமும் இல்லை.

உன் நாத்தனார் போட்ட ஊசியின் அரசுப் பெயர் அந்தரா. 2017 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. இந்த ஊசியைப் பற்றித்தான் உனக்கு விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் உன் வேலைக்கு இது பொருந்தும் என்று என் மனதுக்குப் படுகிறது.

முதலில் அந்தக் கெட்ட ரத்தப் பேச்சு. மாதாமாதம் கர்ப்பப்பைக்குள் ஒரு மெத்தை மாதிரி வளரும். கரு தங்கவில்லை என்றால் அது கரைந்து வெளியே வரும், அதுதான் தூரம். ஊசி போட்டவளுக்கு அந்த மெத்தை வளர்வதே இல்லை. வளராதது எப்படிக் கட்டும்? அடைத்து நிற்க உள்ளே ரத்தமே கிடையாது. உன் நாத்தனாரிடம் இதைச் சொல். அவள் ஊசித் தேதி தவறாமல் போட்டிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. தேதி தவறியிருந்தால் மட்டும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். கர்ப்பமா என்று பார்க்கும் அந்தப் பரிசோதனை அட்டை உங்கள் ஊர் செவிலியரிடமே இலவசமாகக் கிடைக்கும்.

ஆனால் ஊசி போட்டதும் எல்லோருக்கும் உடனே தூரம் நின்றுவிடாது. முதல் மூன்று நான்கு மாதம் தாறுமாறாக வரலாம். இரண்டு நாள் கசியும், பத்து நாள் விடும், மறுபடி கசியும். இதை யாரும் சொல்லாததால்தான் பாதிப் பேர் ஒரு ஊசியோடு ஓடிவிடுகிறார்கள். இரண்டாவது, மூன்றாவது ஊசிக்குள் பலருக்குக் குறைந்து, ஒரு வருடத்தில் நின்றும் போகிறது. தங்கச்சிமடத்தில் ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: "நர்சம்மா, இப்பதான் அமாவாசை பௌர்ணமி பார்த்துக் கடலுக்குப் போறேன். முன்னெல்லாம் தூரத்தைப் பார்த்துப் போனேன்." நீர் வற்றுகிற நாளும் தூர நாளும் ஒன்றாக வந்துவிட்டால் உன் கூலி என்ன ஆகும் என்பது உனக்குத்தான் தெரியும். அதனால்தான் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு எடை கூடும், சிலருக்குத் தலைவலி வரும். எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறையும், ஊசியை நிறுத்தினால் திரும்ப ஏறும். முக்கியமானது இது: நிறுத்திய உடனே கரு தங்காது. கடைசி ஊசி போட்டதிலிருந்து ஏழு முதல் பத்து மாதம் வரை ஆகலாம். மூன்றாவது குழந்தை வேண்டும் என்று ஒரு நாள் நீங்கள் முடிவு செய்தால் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நிறுத்து. பால் கொடுக்கிறவள் போட்டுக்கொள்ளலாம், சின்னவளுக்கு ஒன்றும் ஆகாது. ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருக்கிறவர்களுக்கும், மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும், ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் கூடாது. ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதே, வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதே. மருந்து சீக்கிரம் கரைந்து போனால் மூன்று மாதம் தாங்காது. குறித்த தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் போகலாம், நான்கு வாரம் தாமதமாகவும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் தாமதத்தைப் பழக்கமாக்காதே.

ஊசி வேண்டாம் என்று தோன்றினால் சாயா இருக்கிறது. சாயா என்று மட்டும் சொன்னால் சிலர் தேநீரை நினைத்துக்கொள்வார்கள், அதனால் சாயா மாத்திரை என்று கேள். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடித்தது இது. 1991 முதல் சஹேலி என்ற பெயரில் கடையில் கிடைத்தது, இப்போது அரசு இலவசமாகத் தருகிறது. ஹார்மோன் மாத்திரை இல்லை, பால் கொடுக்கிறவளுக்கும் ஆகும். தூரம் வந்த முதல் நாளில் தொடங்கி, முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அதன்பிறகு வாரத்துக்கு ஒன்று. தூரம் தள்ளித் தள்ளி வரும், குறைவாகவும் போகும். பதினைந்து நாளுக்கு மேல் தள்ளினால் பரிசோதனை செய்துகொள். மஞ்சள்காமாலை வந்து நாளாகாதவர்களுக்கும் சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கும் இது வேண்டாம். இதன் சிக்கல் கிழமைதான். தினமும் போடுவதை யாரும் அவ்வளவு மறப்பதில்லை, வாரத்துக்கு ஒன்று என்றால் மறந்துவிடும். நான் பெண்களிடம், முதல் மாத்திரை போட்ட கிழமையைப் பிடித்துக்கொள், உலை வைக்கும்போது மாத்திரையைப் போடு என்பேன். முதல் மாதம் ஆணுறையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்.

மாலா-என் உனக்குத் தெரிந்திருக்கும். அட்டையில் 28 மாத்திரை, கடைசி ஏழும் இரும்புச் சத்து. உதிரப்போக்கு குறையும், நல்லதுதான். சின்னவளுக்கு ஆறு மாதம் தாண்டிவிட்டதால் நீ போடலாம். ஆனால் ரத்த அழுத்தமோ, கண் கூசி ஒற்றைத் தலைவலி வருகிற பழக்கமோ இருந்தால் கூடாது. தினமும் ஒரே நேரத்தில் போடவேண்டும். விடிவதற்கு முன்பே கரைக்குக் கிளம்புகிற உனக்கு அது நடக்குமா என்று நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாமியார் சொல்கிற ஆபரேஷனுக்கு இப்போது சரி சொல்லாதே. அவரைக் குறை சொல்லவில்லை. அவர் காலத்தில் அரசாங்கம் அவருக்குக் காட்டிய வழி அது ஒன்றுதான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல், 57.8 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். இனிமேல் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மனம் துணியவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரி போதும், ஆபரேஷனைத் தள்ளிவைக்க. முப்பது வயதுக்கு முன்பு செய்துகொண்டவர்கள்தான் பின்னால் அதிகம் வருந்துகிறார்கள். 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த நாகப்பட்டினம் கரைத் தாய்மார்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஏற்கெனவே ஆபரேஷன் செய்தவர்கள் பலர். குழாயை மறுபடி இணைக்கும் சிகிச்சைக்கு அரசே ஏற்பாடு செய்தது. ஆனால் இணைத்த எல்லோருக்கும் கரு தங்கவில்லை. கடலை நம்பி வாழ்கிற வீட்டில் நிரந்தரம் என்கிற சொல்லை நிதானமாகத்தான் சொல்ல வேண்டும்.

இதை உன் வீட்டுக்காரரும் படிக்கட்டும். தம்பி, ஆண்களுக்குச் செய்கிற தழும்பில்லாத கருத்தடையில் கத்தி இல்லை, தையல் இல்லை, பத்துப் பதினைந்து நிமிடம். விந்தணு வருகிற குழாயை மட்டும் கட்டுகிறார்கள். விதையைத் தொடுவதே இல்லை. உடம்பின் வலுவும் ஆசையும் எங்கிருந்து வருகிறதோ அது அப்படியேதான் இருக்கும். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் கனமான வேலை வேண்டாம், அதற்குப் பிறகு வலை இழுக்கலாம், நங்கூரம் தூக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில்தானே நிற்கிறது? கடலோர ஆண்களுக்கு அதைவிட வசதியான காலம் கிடையாது. ஒன்று மட்டும் கவனம். செய்த அன்றே பலன் வராது. மூன்று மாதம் ஆணுறை போட்டு, பிறகு விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று தெரிந்த பிறகுதான் நம்பலாம். அவசரப்படவும் வேண்டாம், இதுவும் நிரந்தரம்தான். உங்கள் இருவருக்கும் மனம் துணிகிற வருடத்தில், ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் போய் விசாரியுங்கள். அதுவரை, கடலுக்குப் போகாத இரவுகளில் ஆணுறை போடுவதாவது உங்கள் பங்காக இருக்கட்டும். நோய்த் தொற்றையும் தடுப்பது அது ஒன்றுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

மகளே, எப்போதாவது தவறிப்போனால் 72 மணி நேரத்துக்குள் அவசர மாத்திரை உண்டு. எவ்வளவு சீக்கிரம் போடுகிறாயோ அவ்வளவு நல்லது. நம் ஊர் மருந்துக் கடைகளில் பல, இதைக் கேட்டாலே இல்லை என்று கையை விரிக்கும். செவிலியரிடம் கேள், அவரிடம் இருக்கும். நாள் தள்ளிப்போன பிறகு, கருவைக் கலைக்க யாரோ சொன்னார்கள் என்று கடையில் மாத்திரை வாங்கி வீட்டில் போடாதே. அப்படிப் போட்டு உதிரம் நிற்காமல் ஆட்டோவில் தூக்கி வந்தவர்களை நான் கையில் ஏந்தியிருக்கிறேன். அரசு மருத்துவமனையில் சட்டப்படியே செய்வார்கள், அதற்கும் உன் கையெழுத்து மட்டும் போதும்.

இப்போது நீ செய்ய வேண்டியது. இந்த வாரமே டாக்டரிடம் காட்டி, ரத்தமும் பார்த்துவிடு. சோதனையில் வேறு கோளாறு இல்லை என்றால், அடுத்த தூரம் தொடங்கிய ஐந்தாவது ஆறாவது நாளில் போ. உதிரம் போகிறதே என்று கூச்சப்படாதே, அந்த நாட்களில்தான் எடுப்பது சுலபம். தூரம் வந்து ஏழு நாளுக்குள் காப்பர் டி-யை எடுத்து அதே நாளில் அந்தரா போட்டால் இடைவெளியே விழாது. அன்றிலிருந்தே பாதுகாப்பு. சாயாதான் வேண்டும் என்றால் முதல் நாளே மாத்திரையைத் தொடங்கிவிட்டு, பிறகு எடுக்கப் போ. போய் உட்கார்ந்ததும் இப்படிச் சொல்: "காப்பர் டி-யை எடுக்கணும். இன்னைக்கே அந்தரா போடணும். ஆபரேஷன் இப்ப வேணாம்." இந்த மூன்று வாக்கியம் போதும். முடியாது என்றால், ஏன் முடியாது என்று எழுதித் தரச் சொல். அரசின் மருத்துவ உதவி எண் 104-க்குப் போன் போட்டும் சொல்லலாம்.

காப்பர் டி அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள். ஊசி போட்டதும் புது அட்டை தருவார்கள். அடுத்த தேதியை நீயே எழுதி வாங்கி, வீட்டுக் காலண்டரிலும் குறித்துவை. சின்னவளுக்கும் பதினாறு மாதத் தடுப்பூசி வரப்போகிறது. அது புதன்கிழமைதான் போடுவார்கள். உன் நாளும் புதனாக அமைந்தால் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு போ. அவள் பயத்தையும் அங்கேயே டாக்டரிடம் கேட்டுவிடட்டும்.